மஞ்சளும் செம்பும்

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டின் மளிகைக் கடைகளில் விரலி மஞ்சளும் குண்டு மஞ்சளும் விற்பனைக்குக் குவிந்திருக்கும். வாங்குவோர் அதனைக் குழம்பிற்கும் பூசனைக்கும் புண்ணுக்கும் பயன்படுத்துவர். வேதியியலாருக்கோ அதன் நிறமியாகிய குர்குமின் ஓர் ஈனி. அதாவது, உலோக அயனிக்கு எலக்ட்ரான் இணைகளை வழங்கிப் பிணைய வல்ல மூலக்கூறு.

குர்குமினின் நடுப்பகுதியில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் அருகருகே உள்ளன. ஒரு புரோட்டானை இழந்ததும் அவ்விரண்டும் செம்பு அயனியை நண்டின் கொடுக்குப்போல் பற்றிக்கொள்கின்றன. இதனைக் கொடுக்கிணைப்பு என்பர். எத்தனாலில் கரைத்த குர்குமினுடன் செம்பு அசிட்டேட்டைச் சேர்த்துச் சூடாக்கினால் பழுப்பு நிற வீழ்படிவு பிரிகிறது. நிறமாற்றம் மட்டுமே சான்றாகிவிடாது. ஆலம் கரைக்கும்போது சுண்ணாம்பு பட்ட மஞ்சளும் சிவக்கிறது அன்றோ? அங்கே நிறத்தை மாற்றுவது சுண்ணாம்பின் காரத்தன்மை. ஆகவே அகச்சிவப்பு நிறமாலை முதலிய சோதனைகளால் அணைவுச் சேர்மம் உருவானதை உறுதி செய்வர்.

இத்தேடலுக்குத் தேவை இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. உலோகம் சேர்ந்த மருந்து புதிதும் அன்று. வெள்ளியும் சல்ஃபாடயசினும் இணைந்த களிம்பு 1960களின் பிற்பகுதியிலிருந்து தீப்புண்களுக்குப் பயன்படுகிறது.

புதிய சேர்மத்தைச் சோதிக்கும் முறை எளியது. அகார் ஊடகத்தில் பாக்டீரியாவைப் பரப்பி, சேர்மத்தில் தோய்த்த சிறு தாள்வட்டை வைத்து, 37 டிகிரி செல்சியசில் ஓர் இரவு விடுவர். பாக்டீரியா வளராத இடம் தெளிந்த வளையமாகத் தெரியும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பர். உலோகத்தின் மின்சுமை ஈனியோடு பகிரப்படுவதால், கொழுப்பாலான செல்சவ்வை அணைவுச் சேர்மம் எளிதில் கடக்கிறது என்பது பலர் கூறும் விளக்கம்.

ஆனால் வளையம் ஏமாற்றவும் கூடும். செம்பு உப்பு தனித்தே நுண்ணுயிரைக் கொல்லும்; கரைப்பானும் ஓரளவு தடுக்கலாம். எனவே ஈனி, உலோக உப்பு, கரைப்பான், வழக்கமான மருந்து ஆகிய நான்கையும் தனித்தனியே அருகில் வைத்து ஒப்பிடாத சோதனைக்கு மதிப்பில்லை. பெரிய மூலக்கூறு அகாரில் மெதுவாகவே பரவும் என்பதால், சிறிய வளையம் ஆற்றல் குறைவைத்தான் காட்டும் என்றும் கொள்ள இயலாது. அதனால் வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த செறிவையும் தனியே கண்டறிவர். அச்செறிவில் மனிதச் செல்களும் மடியுமானால், வளையம் எவ்வளவு அகன்றிருந்தாலும் அச்சேர்மம் மருந்தாகாது.