பள்ளி நாளில் குடும்பச் சுற்றுலா: குழந்தைக்கு விடுப்பு எடுக்கலாமா? சட்டமும் விதிகளும் சொல்வது என்ன?

புதுடெல்லி: பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்தில் ரயிலில் இடம் கிடைப்பதில்லை. விமானக் கட்டணம் ஏறிவிடுகிறது. மலைப்பகுதிச் சுற்றுலாத் தலங்களில் தங்கும் விடுதிகள் நிரம்பிவிடுகின்றன. அதே பயணத்தைப் பத்து நாள் முன்னதாகவோ பின்னதாகவோ மேற்கொண்டால் செலவும் நெரிசலும் குறையும். ஆனால், அந்த நாள்களில் பள்ளி நடந்துகொண்டிருக்கும். 'நான்கு நாள்தானே' என்று குழந்தைக்கு விடுப்பு எடுத்துச் செல்லலாமா என்ற கேள்வி பல குடும்பங்களில் ஆண்டுதோறும் எழுகிறது.

இதற்காகப் பெற்றோருக்கு அபராதம் விதிக்கும் பிரிவு எதுவும் மத்திய அரசின் கல்வி உரிமைச் சட்டத்தில் இல்லை. அதனால் எல்லாம் பெற்றோரின் விருப்பம் என்று கொள்வதும் சரியன்று. பள்ளியின் வருகைப் பதிவேடு, பொதுத்தேர்வு எழுதுவதற்கான தகுதி, தேர்ச்சி விதிகள் ஆகியவை ஒவ்வொரு நாள் விடுப்பையும் கணக்கில் கொள்கின்றன. அந்தக் கணக்கு எவ்வாறு அமைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விடுமுறைகள் ஏன் பொருந்துவதில்லை?

இந்தியா முழுமைக்கும் ஒரே பள்ளி நாள்காட்டி கிடையாது. வட மாநிலங்களில் கோடை விடுமுறை பொதுவாக மே மாதத்தின் நடுப்பகுதியில் தொடங்கி ஜூன் இறுதி வரை நீடிக்கிறது. கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களே கோடை விடுமுறை. ஜூன் தொடக்கத்தில் பள்ளிகள் திறந்துவிடும். காஷ்மீர் பள்ளத்தாக்கில் கடுங்குளிர் காலத்தில்தான் நீண்ட விடுமுறை. மேற்கு வங்கத்தில் துர்கா பூஜையை ஒட்டியும், கேரளத்தில் ஓணத்தை ஒட்டியும் தனி விடுமுறைகள் உண்டு. அண்ணன் குடும்பம் டெல்லியிலும் தங்கை குடும்பம் கொச்சியிலும் இருந்தால், இரு வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒரே வாரத்தில் விடுமுறை அமைவது அரிது.

பெற்றோரின் பணியும் மற்றொரு காரணம். ராணுவ வீரர், காவலர், செவிலியர் போன்றோருக்குக் கேட்ட நாளில் விடுப்பு கிடைப்பதில்லை. பண்டிகைக் காலமே சில்லறை வணிகத்தில் உள்ளோருக்கு மிகுந்த வேலை உள்ள காலம். மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுப்புப் பயணச் சலுகை இருப்பினும், அதைப் பயன்படுத்த அலுவலகம் விடுப்புக்கு ஒப்புதல் அளிக்க வேண்டும். ரயில் முன்பதிவுக்கான காலம் 2024-ஆம் ஆண்டு நவம்பர் 1 முதல் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்டதால், விடுமுறைக் காலப் பயணச்சீட்டுகளுக்கான போட்டியும் அந்தக் குறுகிய காலத்துக்குள் அடங்கிவிடுகிறது.

சட்டம் பெற்றோர் மீது சுமத்தும் கடமை

அரசமைப்புச் சட்டத்தின் 21ஏ பிரிவு 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்குகிறது. அவ்வயதுக் குழந்தைக்குக் கல்வி வாய்ப்பை அளிப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்று 51ஏ(கே) பிரிவு கூறுகிறது. இவ்விரண்டும் 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டவை.

இதன் தொடர்ச்சியாக இயற்றப்பட்ட 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆவது பிரிவு கூறுகிறது. கடமை தவறினால் என்ன தண்டனை என்று அப்பிரிவு கூறவில்லை. 'கட்டாயக் கல்வி' என்னும் சொல்லில் உள்ள கட்டாயம் இச்சட்டத்தில் முதன்மையாக அரசின் மீதே சுமத்தப்பட்டுள்ளது. குழந்தை பள்ளியில் சேர்வதையும், தவறாமல் வருவதையும், தொடக்கக் கல்வியை முடிப்பதையும் உறுதி செய்ய வேண்டியவை அரசும் உள்ளாட்சி அமைப்பும் ஆகும். தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றும் சட்டம் தடை விதிக்கிறது.

ஆண்டுக்கு எத்தனை நாள் பள்ளி நடக்க வேண்டும் என்பதையும் இச்சட்டத்தின் அட்டவணை வரையறுக்கிறது. 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை குறைந்தது 200 வேலைநாள்கள், 800 கற்பித்தல் மணி நேரம். 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை குறைந்தது 220 வேலைநாள்கள், 1,000 கற்பித்தல் மணி நேரம். விடுப்புக் கணக்கைப் பார்க்க விரும்பும் பெற்றோருக்கு அடிப்படையாக அமைபவை இந்த எண்களே.

75 சதவீத விதி

கண்டிப்பான எல்லை பொதுத்தேர்வில் வருகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சிபிஎஸ்இ) தேர்வு விதிகளின்படி 10, 12-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத குறைந்தது 75 சதவீத வருகை தேவை. மருத்துவ அவசரநிலை, தேசிய அல்லது சர்வதேச விளையாட்டுப் போட்டிகளில் பங்கேற்பு, பிற கடுமையான காரணங்கள் ஆகியவற்றுக்கு மட்டும், உரிய ஆவணங்களின் பேரில், 25 சதவீதம் வரை தளர்வு வழங்கப்படலாம். குடும்பச் சுற்றுலா அந்தப் பட்டியலில் இல்லை. எழுத்துப்பூர்வ விண்ணப்பமும் ஆவணமும் இல்லாத விடுப்பை ஏற்க இயலாது என்பதை வாரியம் அண்மைக் காலச் சுற்றறிக்கைகளில் வலியுறுத்தியுள்ளது.

220 நாள்களில் 25 சதவீதம் என்பது 55 நாள்கள். அத்தனை நாள்களா என்று வியப்புத் தோன்றலாம். ஆனால், அந்த 55 நாள்கள் சுற்றுலாவுக்காக ஒதுக்கப்பட்டவை அல்ல. டெங்கு காய்ச்சல், எலும்பு முறிவு, வீட்டில் ஒரு துக்கம் என எதிர்பாராமல் வருபவை அனைத்தும் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் சுற்றுலாவுக்காக பத்து நாள்களைச் செலவிட்ட மாணவர், டிசம்பரில் நோய்வாய்ப்பட்டால் அந்தப் பத்து நாள்களைத் திரும்பப் பெற முடியாது.

கீழ் வகுப்புகளிலும் நிலைமை முன்பு போல் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 5, 8-ஆம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதோருக்கு இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்தி, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம். கேந்திரிய வித்யாலயா, நவோதயா உள்ளிட்ட மத்திய அரசுப் பள்ளிகளுக்கு இதற்கான விதிகள் 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. மாநிலப் பள்ளிகளில் அந்தந்த மாநில அரசின் முடிவே பொருந்தும். இவை தவிர, நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாளும் பள்ளி திறக்கும் நாளும் வராத மாணவர்களுக்குச் சில தனியார் பள்ளிகள் தங்கள் சொந்த விதிப்படி கட்டணம் விதிப்பதும் உண்டு.

எத்தனை நாள் அதிகம்?

பள்ளி நாள்களில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் வராத குழந்தையை 'தொடர்ந்து வராதவர்' என்று கருதும் அளவுகோல் அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. அங்கு 180 நாள் கல்வியாண்டில் அது 18 நாள்கள். இந்தியாவின் 220 நாள் கணக்கில் 22 நாள்கள். ஒரு குழந்தை காய்ச்சலுக்கு 6 நாள், உறவினர் திருமணங்களுக்கு 5 நாள், குலதெய்வ வழிபாட்டுக்கு 2 நாள் என 13 நாள் விடுப்பு எடுத்திருந்தால், மேலும் 9 நாள் சுற்றுலா அக்குழந்தையை அந்தக் கோட்டுக்குக் கொண்டு சென்றுவிடும். தனித்தனியே பார்க்கும்போது ஒவ்வொரு விடுப்பும் சிறியதாகவே தோன்றும்.

எண்ணிக்கையைப் போலவே எந்த நாள்கள் என்பதும் முக்கியம். கணக்குப் பாடத்தில் ஒன்றின் மீது ஒன்று அடுக்கப்படுகிறது. பின்னங்கள் அறிமுகமாகும் வாரத்தில் வராத குழந்தைக்கு அடுத்து வரும் தசமம், சதவீதம், விகிதம் ஆகிய மூன்றும் தடுமாற்றமாகலாம். அதே குழந்தை, தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்தப்படும் வாரத்தில் வராமல் இருந்தால் இழப்பு மிகக் குறைவு. சிபிஎஸ்இ 10-ஆம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் 20 மதிப்பெண்கள் உள்மதிப்பீட்டுக்கு உரியவை. பருவத்தேர்வு நடக்கும் நாளில் ஊரில் இல்லாமல் இருப்பது அந்த மதிப்பெண்ணை நேரடியாகப் பாதிக்கக்கூடும்.

அபராதம் விதிக்கும் நாட்டின் அனுபவம்

இங்கிலாந்து இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தெடுத்தது. 2013 செப்டம்பர் முதல் அங்கு 'விதிவிலக்கான சூழ்நிலை' தவிர வேறு காரணத்துக்குப் பள்ளி நாளில் விடுப்பு அளிக்கத் தலைமை ஆசிரியருக்கு அதிகாரம் இல்லை. வைட் தீவைச் சேர்ந்த தந்தை ஒருவர் 2015-ஆம் ஆண்டு தம் மகளைப் பள்ளி நாள்களில் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துச் சென்றார். விதிக்கப்பட்ட 60 பவுண்டு அபராதத்தை அவர் செலுத்த மறுத்ததால் அது 120 பவுண்டாக உயர்ந்து, வழக்கானது. மகளின் வருகை 90 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் அவள் 'ஒழுங்காக' பள்ளிக்குச் செல்பவளே என்று அவர் வாதிட்டார். கீழமை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. ஆனால், பள்ளியின் விதிகளின்படி வருவதே 'ஒழுங்காக' வருவது என்று 2017 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

2024 ஆகஸ்ட் முதல் அங்கு அபராதம் 21 நாள்களுக்குள் செலுத்தினால் 80 பவுண்டு, 28 நாள்களுக்குள் எனில் 160 பவுண்டு. ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக இது விதிக்கப்படுகிறது. மூன்று ஆண்டுகளுக்குள் மூன்றாம் முறை நேர்ந்தால் வழக்குத் தொடரப்படலாம். எனினும் 2022-23 கல்வியாண்டில் மட்டும் அங்கு சுமார் 4 லட்சம் அபராத அறிவிப்புகள் அனுப்பப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது, அனுமதியற்ற சுற்றுலா விடுப்புக்கானவை. விடுமுறைக் காலக் கட்டண உயர்வை விட அபராதம் மலிவு என்று கணக்கிட்ட குடும்பங்கள் பல. அதே பிரிட்டனில் வேல்ஸ் பகுதி, ஆண்டுக்கு 10 நாள் வரை அனுமதிக்கும் உரிமையைத் தலைமை ஆசிரியருக்கே விட்டுவைத்துள்ளது.

'காய்ச்சல்' என்று எழுதப்படும் கடிதம்

அபராதம் இல்லாத இந்தியாவில் வேறொரு பழக்கம் வேரூன்றியுள்ளது. சுற்றுலா என்று எழுதினால் பள்ளி மறுக்குமோ என்று அஞ்சி, விடுப்புக் கடிதத்தில் 'காய்ச்சல்' என்று எழுதுவது அது. திரும்பி வந்ததும் எங்கே சென்றோம் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று குழந்தையிடம் சொல்லி அனுப்பப்படுகிறது. தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு வந்த மகிழ்ச்சியை வகுப்பில் மறைக்க வேண்டிய நிலை எட்டு வயதுக் குழந்தைக்கு ஏற்படுகிறது.

இதில் நடைமுறை இழப்பும் உண்டு. உண்மைக் காரணமும் திரும்பும் நாளும் தெரிந்தால், ஆசிரியர் எந்தப் பாடம் தவறும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியும். தேர்வு நாளை நினைவூட்ட முடியும். நோய் என்று எழுதப்பட்ட கடிதம் அந்த வாய்ப்பை மூடிவிடுகிறது. பொய்யான மருத்துவச் சான்றிதழ்கள் பெருகும்போது, உண்மையாகவே நோயுற்ற மாணவரின் சான்றிதழும் ஐயத்துடன் பார்க்கப்படுகிறது. 75 சதவீத விதியில் மருத்துவத் தளர்வு என்பது அத்தகைய மாணவருக்கான கடைசி வாயில் ஆகும்.

விடுப்பைத் தேர்ந்தெடுக்க முடியாத குழந்தைகள்

சுற்றுலாவுக்காக எடுக்கப்படும் விடுப்பு, திட்டமிடவும் தவிர்க்கவும் கூடியது. அத்தகைய வாய்ப்பே இல்லாத குழந்தைகளும் அதே வருகைப் பதிவேட்டில் உள்ளனர். மகாராஷ்டிரத்தின் பீட் உள்ளிட்ட மராத்வாடா மாவட்டங்களிலிருந்து கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் குடும்பத்துடன் புறப்பட்டு, அறுவடை முடிந்த பின்னரே திரும்புகின்றனர். ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பகுதிகளிலிருந்து தெலங்கானா, ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் செங்கல் சூளைகளுக்குச் செல்லும் குடும்பங்களும் இவ்வாறே. இக்குழந்தைகள் இழப்பது நான்கு நாள் அல்ல, கல்வியாண்டின் பாதி.

புலம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. பெற்றோர் வெளியூர் செல்லும்போது குழந்தைகள் ஊரிலேயே தங்கிப் படிக்க ஒடிசாவில் பருவகால விடுதிகளும், சென்ற இடத்தில் படிப்பைத் தொடர மகாராஷ்டிரத்தில் கல்வி உத்தரவாத அட்டையும் ஏற்படுத்தப்பட்டன. இரண்டும் செயல்பட ஒன்று அவசியம்: குடும்பம் எப்போது புறப்படுகிறது, எப்போது திரும்பும் என்பது பள்ளிக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

• பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் பள்ளி நாள்காட்டியில் தேர்வு நாள்களைப் பார்க்க வேண்டும். கல்வியாண்டின் முதல் இரு வாரங்களையும், தேர்வுக்கு முந்தைய வாரத்தையும் தவிர்ப்பது நல்லது.

• அந்த ஆண்டில் ஏற்கெனவே எடுத்த விடுப்பு நாள்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 10-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை சுற்றுலாவைப் பள்ளி விடுமுறைக்குள்ளேயே அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

• சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையுடன் இணைத்தால் இழக்கும் பள்ளி நாள்கள் ஒன்றிரண்டாகக் குறையும்.

• விடுப்புக் கடிதத்தில் உண்மைக் காரணத்தையும், புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் எழுதி, பயணத்துக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் அளிக்க வேண்டும். பள்ளி மறுத்தால் அதன் காரணத்தைக் கேட்டறிந்து பயண நாளை மாற்ற அப்போது நேரம் இருக்கும்.

• திரும்பி வந்த முதல் வாரத்தில் விடுபட்ட குறிப்புகளை எழுதி முடிக்கவும், புரியாத கணக்குகளை ஆசிரியரிடம் கேட்கவும் குழந்தைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். பயணத்தின் செலவுக் கணக்கில் அந்த ஒரு வாரத்தையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.