லாரி எஞ்சினில் டாப்பெட் ஓசை



தில்லியின் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில், நாமக்கல், சங்ககிரி என்று ஊர்ப்பெயர் எழுதிய லாரிகளைக் காண்பது நமக்குப் புதிதன்று. நமது தொழில் மத்திய அரசில் மொழிபெயர்ப்பு. ஸ்பானர் பிடிப்பது அன்று. ஆயினும் இந்த விஷயத்தைப் பற்றிப் பேச நமக்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நமக்கு அறிமுகமான லாரி ஓட்டுநர் ஒருவர் வட மாநிலத்துப் பட்டறையொன்றிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். எஞ்சினில் ‘டிக் டிக்’ என்று ஓசை. மேஸ்திரி பேசுவது இந்தி. அதைத் தமிழில் சொல்லவேண்டும் என்றார். ‘டாப்பெட்டை முறுக்கிவிட்டேன், சத்தம் நின்றுவிட்டது, இனி ஓட்டலாம்’ என்று மேஸ்திரி கூறினார். நாமும் அப்படியே மொழிபெயர்த்தோம். பன்னிரண்டு நாட்களுக்குப் பின், மேட்டுச் சாலையில் அந்த வண்டி இழுக்க மாட்டாமல் நின்றது. திறந்து பார்த்தபோது, புகை வெளியேறும் வால்வு ஒன்றின் விளிம்பு எரிந்து போயிருந்தது. ஆறு நாள் வாடகை நஷ்டம். பழுதுச் செலவு தனி. மொழிபெயர்ப்பில் பிழை இல்லை, வேலையில்தான் பிழை. அதைக் கேட்டறியும் அறிவு அன்று நமக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

டாப்பெட் என்பது யாது? எஞ்சினின் உள்ளே கேம் தண்டு என்று ஒன்று சுழல்கிறது. அதில் முட்டை வடிவான மேடுகள் உண்டு. மேடு வரும்போது அதன்மேல் அமர்ந்திருக்கும் டாப்பெட் உயர்கிறது. டாப்பெட் புஷ்ராடைத் தள்ள, புஷ்ராட் ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வைத் திறக்கிறது. மேடு நகர்ந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடுகிறது.

உலோகம் சூட்டில் நீளும் இயல்புடையது. ஆகையால், ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே மெல்லிய இடைவெளி விட்டு வைக்கிறார்கள். உதாரணமாக, பல லாரிகளில் உள்ள கம்மின்ஸ் ஆறு சிலிண்டர் 6பிடி எஞ்சினில், காற்று உட்புகும் வால்வுக்கு 0.25 மில்லிமீட்டர், புகை வெளியேறும் வால்வுக்கு 0.51 மில்லிமீட்டர். பின்னது அதிகச் சூடு தாங்குவதால் அதற்கு இருமடங்கு இடம். இந்த அளவு குளிர்ந்த எஞ்சினுக்கு உரியது. வேறு எஞ்சினுக்கு அளவும் வேறு. அதை வண்டியின் கையேட்டில் காண்க.

இடைவெளி மிகுந்தால் ‘டிக் டிக்’ ஓசை எழும், வால்வு தாமதமாகத் திறந்து முன்னதாக மூடும், இழுவை குறையும். இடைவெளி குறைந்தாலோ ஓசையே எழாது. சூடேறியதும் வால்வு முழுவதும் மூடாமல் நிற்கும். வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கி வைப்பது, மூடியிருக்கும் வேளையில் தன் இருக்கையிடம்தான். அந்த ஓய்வு கிடைக்காத வால்வு எரிந்து போகிறது. ஓசையிடும் டாப்பெட்டைக் காட்டிலும் ஓசையின்றி இறுகிய டாப்பெட்டே அதிக அபாயம். நம் நண்பரின் வண்டிக்கு நேர்ந்தது இதுவே. சூடான எஞ்சினில், கேஜ் வைத்து அளவாமல், காதை மட்டும் நம்பித் திருகை முறுக்கியிருக்கிறார்கள்.

இனி, பழுதைக் கண்டறியும் முறையைக் காண்போம்.

முதலாவது எண்ணெய். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சிறிது நேரம் கழித்து அளவுகோலைப் பாருங்கள். எண்ணெய் குறைந்தாலும் கெடுதி, மிகுந்து நுரைத்தாலும் கெடுதி. எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தால் எஞ்சினை அக்கணமே அணைத்து விடுக. அங்கே பழுது டாப்பெட்டில் இல்லை. ஓட்டினால் எஞ்சினே போய்விடும்.

இரண்டாவது, ஓசையின் தாளம். கேம் தண்டு, கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்வது. எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால், ஒரு வால்வின் தட்டு நிமிடத்துக்கு 300, அதாவது விநாடிக்கு ஐந்து. மேற்புறத்திலிருந்து வரும் இலேசான தட்டு டாப்பெட்டுடையதாக இருக்கலாம். அடிப்புறத்திலிருந்து, பாரம் ஏறும்போது கனத்து வரும் ‘டொக் டொக்’ ஓசை பேரிங்கைக் குறிக்கக்கூடும். அதனோடு ஓட்டுதல் ஆகாது. நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை மேல்மூடியில் வைத்து, பிடியைக் காதருகே வைத்தால் எந்தச் சிலிண்டர் என்பது புலப்படும். அப்போது விசிறியும் பெல்ட்டும் ஆடையைப் பற்றாதபடி எச்சரிக்கை தேவை.

டீசல் தெளிக்கும் இஞ்செக்டரும் இவ்வாறே ஓசையிடும். பழைய பம்பு எஞ்சின்களில் மேஸ்திரிகள் ஒவ்வொரு குழாயின் நட்டையும் சற்றுத் தளர்த்திப் பார்ப்பார்கள். ஓசை நின்றால் குற்றம் எரிபொருளின் பக்கம். நில்லாவிட்டால் டாப்பெட்டின் பக்கம். ஆனால் புதிய காமன் ரெயில் எஞ்சின்களில் இச்சோதனை கூடவே கூடாது. அவற்றில் டீசல் பாயும் அழுத்தம் தோலைத் துளைக்க வல்லது.

மூன்றாவது, அளவுபார்த்தல். எஞ்சின் குளிர்ந்தபின் மூடியைத் திறந்து, வால்வு முற்றிலும் மூடிய நிலையில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைக்க வேண்டும். தகடு சற்றே பிடித்து நகர வேண்டும். பூட்டு நட்டை இறுக்கியபின் மறுபடியும் அளவிட வேண்டும். இறுக்கும்போது அளவு மாறுவதுண்டு.

சரியாக வைத்த இடைவெளி அதே வால்வில் சில நாட்களிலேயே மீண்டும் விரிந்தால், திரும்பத் திரும்ப முறுக்குவதில் பயனில்லை. புஷ்ராட் வளைந்துள்ளதா, ராக்கரின் முனை தேய்ந்துள்ளதா என்று பாருங்கள். அவை நலமாயிருந்தால் டாப்பெட்டின் முகமோ கேமின் மேடோ தேய்கிறது எனலாம். மேற்சொன்ன எஞ்சினில் டாப்பெட் கீழிருந்து பொருத்தப்பட்டது. மரக்கோல்களை மேலிருந்து செருகி டாப்பெட்டுகளைத் தூக்கி நிறுத்திய பிறகே கேம் தண்டை உருவ முடியும். பெரிய வேலைதான். புதிய கேம் தண்டுக்குப் பழைய டாப்பெட்டைப் பொருத்தலாகாது. பழைய தேய்வு புதியதையும் விரைவில் தின்றுவிடும்.

சில எஞ்சின்களில் ஹைட்ராலிக் டாப்பெட் உண்டு. அதனுள் நிறையும் எண்ணெயே இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். காலையில் கிளப்பியதும் சில விநாடி தட்டிவிட்டு அடங்கினால் கவலை வேண்டா. சூடேறிய பின்னும் தட்டினால், எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். அதற்கும் அடங்காமல், அழுத்தினால் எளிதில் அமிழும் டாப்பெட்டை மாற்றவே வேண்டும்.

நிறைவாக, மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் நம்மால் இயன்ற உதவி ஒன்று. வடநாட்டுப் பட்டறையில் இவ்வாறு சொல்லுங்கள்: ‘இஞ்ஜன் தண்டா ஹோனே தீஜியே, பிர் டைப்பெட் ஸெட் கீஜியே, கேஜ் லகாகர் திகாயியே.’ எஞ்சின் குளிரட்டும், பிறகு டாப்பெட் வையுங்கள், கேஜ் வைத்துக் காட்டுங்கள் என்பது இதன் பொருள். நல்ல மேஸ்திரி எவரும் இதற்குக் கோபிக்கமாட்டார். அன்று தொலைபேசியில் இந்த ஒரு வாக்கியத்தை நாம் சொல்லியிருந்தால், நம் நண்பரின் வண்டி மேட்டில் நின்றிராது.