விருதுநகர், சிவகாசி நகரச் சுற்றுலா

விருதுநகரும் சிவகாசியும் தமிழ்நாட்டின் தென்பகுதியில், விருதுநகர் மாவட்டத்தில் அமைந்துள்ள இரு வணிக நகரங்கள் ஆகும். விருதுநகர் இம்மாவட்டத்தின் தலைநகரம். சிவகாசி பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களுக்குப் பெயர்பெற்றது. கடைத்தெருக்களும் தொழில்களும் அவற்றின் வரலாறுமே இங்கு வரும் பயணிகள் காணத்தக்கவை. எனினும் சிவகாசிக்குப் புகழ் தேடித்தந்த பட்டாசு உற்பத்தியைப் பயணிகள் நேரில் காண இயலாது. அதன் காரணத்தை அறியாமல் இந்நகரை அறிந்ததாகக் கொள்ள முடியாது.

அமைவிடமும் போக்குவரத்தும்

மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் விருதுநகர் அமைந்துள்ளது. இது ஒரு தொடருந்துச் சந்திப்பு. இங்கிருந்து செங்கோட்டை செல்லும் இருப்புப்பாதையில் சிவகாசி உள்ளது. சாலை வழியாக இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு 30 கி.மீ.க்கும் குறைவு. அருகிலுள்ள வானூர்தி நிலையம் மதுரையில் உள்ளது. மழை குறைந்த கரிசல் நிலம் ஆதலால் கோடையில் வெப்பம் மிகுதி.

விருதுநகர்

முன்பு விருதுபட்டி எனப்பட்ட இவ்வூர் 1923 இல் விருதுநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. எண்ணெய், பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி ஆகியவற்றின் மொத்த வணிகம் இங்கு நடைபெறுகிறது. விருதுநகர்ச் சந்தை விலை நாளிதழ்களில் வெளிவருவது வழக்கம்.

தமிழக முதலமைச்சராக 1954 முதல் 1963 வரை பணியாற்றிய காமராசர் 1903 ஜூலை 15 அன்று இங்குப் பிறந்தார். அவர் வாழ்ந்த எளிய வீடு நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது. அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை 1889 இல் தொடங்கப்பட்டது. வணிகர்கள் தம் வரவில் ஒரு பங்கை ஒதுக்கித் தந்த மகமையும், வீடுதோறும் திரட்டிய பிடியரிசியும் அப்பள்ளியை வளர்த்தன.

சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகச் சங்கரலிங்கனார் 1956 ஜூலை மாதம் உண்ணாநோன்பு தொடங்கியது இந்நகரில்தான். நோன்பைக் கைவிடாத அவர் அவ்வாண்டு அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். அப்பெயர் மாற்றம் 1969 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது.

பங்குனி மாதத்தில் நடைபெறும் பராசக்தி மாரியம்மன் கோயில் பொங்கல் விழா இவ்வூரின் முதன்மைத் திருவிழா ஆகும். எண்ணெயில் பொரித்தெடுக்கும் பரோட்டா இவ்வூரின் பெயர்பெற்ற உணவு.

சிவகாசி

காசியிலிருந்து கொணர்ந்த சிவலிங்கத்தைப் பாண்டிய மன்னன் ஒருவன் இங்கு நிறுவியதால் சிவகாசி எனும் பெயர் ஏற்பட்டது எனத் தலவரலாறு கூறும். விசுவநாத சுவாமி கோயிலும் பத்திரகாளியம்மன் கோயிலும் இங்குள்ளன. அருகிலுள்ள திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்று. திருத்தங்கலை இணைத்துக்கொண்டு சிவகாசி 2021 இல் மாநகராட்சியானது.

தொழில்கள் ஒன்றிலிருந்து ஒன்று தோன்றிய முறையை அறிந்தால் நகரின் தெருக்கள் எளிதில் விளங்கும். பாதுகாப்பான தீக்குச்சி 19ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டில் உருவாயிற்று. இந்தியா நெடுங்காலம் சுவீடன், ஜப்பான் ஆகிய நாடுகளின் தீப்பெட்டிகளையே நம்பியிருந்தது. 1922 இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, திரும்பிவந்து 1923 இல் தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிகளில் ஒட்டும் வண்ணப்படங்களின் தேவை அச்சுத்தொழிலை வளர்த்தது. இன்று நாட்காட்டி, நாட்குறிப்பேடு, பாடநூல் முதலியன இங்கு அச்சாகின்றன. தீக்குச்சி மருந்தில் பெற்ற பழக்கம் பட்டாசுத் தொழிலுக்கு வழிவகுத்தது. இந்த உழைப்பைக் கருதியே ஜவகர்லால் நேரு இந்நகரைக் குட்டி ஜப்பான் என அழைத்ததாகக் கூறுவர்.

ஆலைகளுக்குள் அனுமதி இன்மை

பட்டாசுக் கடைகள் நகருக்குள் உள்ளன. ஆலைகள் ஊருக்கு வெளியே, ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் சிறுசிறு அறைகளாகக் கரிசல் காட்டில் அமைந்துள்ளன. ஓர் அறையில் தீப்பற்றினால் அடுத்த அறைக்குப் பரவாதிருக்கவே இந்த இடைவெளி. ஓர் அறையில் எத்தனை பேர் பணிபுரியலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கும் வரையறை உண்டு. வெளியாள் ஒருவர் கூடுதலாக உள்ளே நிற்பதும் இடரே.

வெடியுப்பு, கந்தகம், கரி, அலுமினியத் தூள் போன்றவற்றைக் கலப்பதும் நிரப்புவதும் மிகுந்த ஆபத்து உடைய பணிகள். சிறு உராய்வும் தீயை உண்டாக்கும். மீந்த கலவை ஈரம்பட்டால் தானே சூடேறி வெடிப்பதும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 35 பேருக்கு மேல் இறந்தனர். உதவச் சென்றவர்களும் வேடிக்கை பார்க்கச் சென்றவர்களும் அவர்களுள் அடங்குவர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்தில் ஏறத்தாழ 20 பேர் மாண்டனர். இத்தொழிலில் சிறுவர்களைப் பணியமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது.

வரம்பை மீறிய ஆட்களும் அவசரமும் விபத்துகளைப் பெருக்குகின்றன. தீபாவளி நெருங்குகையில் இந்த அவசரம் கூடும்.

பட்டாசு வாங்குவோர் அறிய வேண்டியவை

* தொடருந்திலும் பேருந்திலும் பட்டாசு கொண்டுசெல்லக் கூடாது. தொடருந்தில் கொண்டுசென்றால் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.
* உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பு, சரவெடி, பேரியம் உப்பு கலந்த பட்டாசு, இணையவழி விற்பனை ஆகியவற்றைத் தடைசெய்தது. புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளுக்கு அனுமதி உண்டு.
* உரிமம் பெற்ற கடைகளில் மட்டுமே வாங்குதல் வேண்டும். உரிமமற்ற கொட்டகைகளில் செய்யும் மலிவுப் பட்டாசை வாங்குவோர், பாதுகாப்பற்ற அவ்வுற்பத்தி தொடர்வதற்குத் துணைபோகின்றனர்.

அருகிலுள்ள இடங்கள்

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும், சாத்தூர்க் காராச்சேவும் பலரும் நாடிச் செல்வன. வைப்பாற்றங்கரையிலுள்ள வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடைபெற்ற அகழாய்வில் சங்கு வளையல்களும் சுடுமண் பொருட்களும் கிடைத்துள்ளன.