முகத்துக்கு வெள்ளை, சிறுநீரகத்துக்குத் தொல்லை!

சகோதரிகளே, பயங்கர நாவல் என்றால் பாழடைந்த பங்களாவும் நள்ளிரவும் வேண்டும் என்று நினைக்கிறீர்களா? பளபளக்கும் அழகு நிலையமே போதும் என்கிறார் லிங் லிங் ஹுவாங். 2023-ல் வெளிவந்த அவருடைய ஆங்கில நாவல் 'நேச்சுரல் பியூட்டி'. பியானோ வாசிப்பதில் கெட்டிக்காரியான ஒரு பெண். பெற்றோர் விபத்தில் சிக்கிவிடுகிறார்கள். செலவுக்குப் பணம் வேண்டுமே! நியூயார்க்கில் ஓர் அழகு நிலையத்தில் வேலைக்குச் சேருகிறாள். அங்கே நடக்கும் சிகிச்சைகளில் அவளுடைய தோற்றமே மாறத் தொடங்குகிறது.

ஆரம்பம் பிரமாதம்! ஆனால், போகப் போகக் கதை விபரீதக் கற்பனையில் இறங்கிவிடுகிறது. "இதெல்லாம் எங்கே நடக்கப் போகிறது?" என்று நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அதுதான் ஏமாற்றம். ஏனென்றால், நிஜத்தில் நடப்பதே போதிய பயங்கரம்.

அமெரிக்கா வரை போக வேண்டாம். அடுத்த வீடான கேரளத்துக்கு வாருங்கள். மலப்புறம் மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு ஒரே மாதிரியான அபூர்வ அடையாளம் தென்பட்டது. அந்தப் 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள்!

இதில் வில்லன் பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதை அது தடுக்கிறது, முகம் வெளுக்கிறது. பிறகு தோல் வழியே உள்ளே புகுந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிறது. களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குக் குணமானது என்பது ஆறுதல்.

கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கும் தாய்மார்களே, டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் விலாசம் இல்லையா? 'தங்கம், வெள்ளி நகைகளில் படக்கூடாது' என்று எழுதியிருக்கிறதா? தொடாதீர்கள். பாதரசம் பட்டால் தங்கமே வெளுத்துப் போகும், கன்னம் எம்மாத்திரம்? களிம்பு பூசுகிறவருக்குக் கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

புதுக்கோட்டைப் பக்கம் போகும்போது சித்தன்னவாசல் குகைக் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். தூணில் நடனமாடும் இரு பெண்களைப் பாருங்கள். கை வீச்சென்ன, இடையின் வளைவென்ன, கொண்டை அலங்காரமென்ன! ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிச் சித்திரம் மங்கிவிட்டது, அழகு மங்கவில்லை. அவர்களைப் பார்த்து, "பெண் சிவப்பா, மாநிறமா?" என்று யாராவது கேட்பார்களா?

அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு வரும் தரகர் அப்படிக் கேட்டால், காப்பியைக் கொடுத்து வழியனுப்பிவிடுங்கள்!