தெரியுமா? ஆடு படுத்த வயலில் நெல் கொழிக்கும்!

கோடையில் அரியலூர், பெரம்பலூர் பக்கம் போயிருக்கிறீர்களா? அறுவடை முடிந்த வயலில் நூற்றுக்கணக்கான ஆடுகள் படுத்திருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? நாடோடி மேய்ப்பருக்கும் நிலத்தில் ஊன்றிய உழவருக்கும் இடையே பல நூற்றாண்டுக் கொடுக்கல் வாங்கல் அது!

புழுக்கைக்குக் கூலி!
ராமநாதபுரம், சிவகங்கைச் சீமை ஆட்டு மேய்ப்பர்களான கீதாரிகள் மாதக்கணக்கில் ஊர் ஊராக மந்தையை ஓட்டிப் போகிறார்கள். எல்லாம் நடைதான்! பொழுது சாய்ந்தால் வயலில் வலை கட்டி ஆடுகளைப் படுக்க வைப்பார்கள்; அதுதான் கிடை! குட்டிகளை அடைக்கத் தனியாகக் கொடாப்பு என்னும் மூங்கில் கூடு! வயல்காரர் கூலி கொடுப்பது எதற்குத் தெரியுமா? புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும்!

ஆறு மடங்கு தழைச்சத்து!
தொழுஉரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம். ஆட்டு எருவில்? சுமார் 3 சதவீதம்! ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்று சும்மாவா சொன்னார்கள்? கிடை போட்டால் வண்டி வாடகை மிச்சம், இறைக்கும் ஆள்கூலியும் மிச்சம்!

பொன் வேண்டாம், எருமை கொடு!
மேய்ப்பர்களின் பண்டமாற்று பழசு! சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகளை, அதாவது இடையர் குலப் பெண்ணைத் தெரியுமா? மோர் விற்றுத் தானியம் வாங்கி வீட்டாருக்குச் சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை நீட்டினால்? தொடவே மாட்டாள்! எருமையும் பசுவும் கன்றும்தான் வேண்டுமாம்!

ஒரு விளக்குக்கு 96 ஆடு!
சோழ மன்னர் ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலில் அணையா விளக்கு எரிந்தது யாரால் தெரியுமா? இடையர்களால்! ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆண்டுக்கு 91 நாழிக்கும் மேல்! ஆடு செத்தாலும் மந்தையின் கணக்கு குறையக் கூடாது. அதனால்தான் கல்வெட்டில் அவை ‘சாவா மூவாப் பேராடுகள்’!

அங்கே பெருஞ்சுவர், இங்கே வலை!
எல்லா இடத்திலும் உழவரும் நாடோடியும் இப்படி ஒத்துப்போகவில்லை! சீனத்தின் ஹான் பேரரசையே சியோங்னு நாடோடிகள் நடுங்க வைத்தார்கள், தெரியுமா? கி.மு. 198-இல் சமாதானத்துக்காகப் பட்டும் தானியமும் அனுப்பியது ஹான் அரசு! பெரும்பாலும் வடக்கு நாடோடிகளைத் தடுக்கப் பல அரச வம்சங்கள் எழுப்பிய சுவர்களின் மொத்த நீளம் 21,196 கிலோமீட்டர்! நம்மூர் உழவரோ நாடோடியைக் கூப்பிட்டு, கூலியும் கொடுத்து, தன் வயலிலேயே தங்கச் சொல்கிறார்! இருவருக்கும் நடுவே இருப்பது ஒரு வலை. அதுவும் ஆட்டுக்குத்தான்!