பூட்டிய வீட்டின் மின்கணக்கு

ஜொகூரில் மாசாய், ஸ்கூடாய், உலு திராம் என எந்தத் தாமான் குடியிருப்புக்குள் போனாலும் வரிசை வீடுகளின் முகம் ஏறக்குறைய ஒன்றுதான். தெருவை ஒட்டி இரும்புக் கேட், உள்ளே கார் நிறுத்தும் இடம், அதைத் தாண்டி வாசலையும் சன்னல்களையும் மூடிய கிரில், கிரிலுக்குப் பின்னால் கனத்த திரை. இத்தனை கட்டுக்காவலிலும் மின்சார மீட்டர் மட்டும் கிரிலுக்கு வெளியே, முன்பக்கச் சுவரில் எவர் கண்ணுக்கும் படும்படி இருக்கும். தண்ணீர் மீட்டர் அதற்கும் முன்னால், கேட்டோரத்தில். மீட்டர் பார்க்க வருகிறவர் வீட்டுக்காரரைக் கூப்பிடாமலே எண்ணைக் குறித்து, கையிலுள்ள கருவியிலேயே பில்லை அச்சடித்து, தபால் பெட்டியில் செருகிவிட்டுப் போகலாம். (சமையல் எரிவாயுதான் இதில் சேராது. 14 கிலோ தோம்பைச் சுமந்து வருபவர் சமையலறை வரை வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார். கிரில் பூட்டும் குடும்பங்கள் அவரைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.) நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் அடுக்குமாடிகளில் மின்சார மீட்டர் பொது நடைபாதையோரத்து அடைப்புக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டில் மின்வாரிய ஊழியர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார். ஜெர்மனியின் பழைய கட்டடங்களில் மீட்டர் நிலவறையில் கிடக்கும். ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

ஊருக்கு ஊர் மாறும் சில்லறை வழக்கங்களாகத் தோன்றும் இவற்றுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வீட்டைப் பற்றி ஆண்டில் எத்தனை எண்கள் வெளியே போகின்றன? ஜெர்மனியில் 1, தமிழ்நாட்டில் 6, மலேசியாவில் 12. மலாக்காவில் தொடங்கி மலேசியாவெங்கும் பரவிவரும் ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒரு முறை பதிவு செய்கிறது. அதாவது ஆண்டுக்கு 17,520. வீட்டின் அந்தரங்கத்தைக் காப்பது கேட்டின் உயரமோ திரையின் கனமோ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதைவிட இந்த எண்ணிக்கைதான் அதைத் தீர்மானிக்கிறது என்பேன். ஒரு நாட்டில் வீடு எவ்வளவு மூடியிருக்கிறது என்று அறிய அதன் மதில்களை அளப்பதில் பயனில்லை. உள்ளே வரும் கம்பி, எவ்வளவு அடிக்கடி, யாரிடம் பேசுகிறது என்று கேட்க வேண்டும்.

எண்கள் கூடினால் என்ன தெரிந்துவிடும்? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1980களில் ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆய்வாளர் இதற்கு விடை கண்டார். வீட்டுக்குள் ஒரு கருவியையும் தொடாமல், வெளியே மொத்த மின்பயன்பாடு எப்படிப் படிப்படியாக ஏறி இறங்குகிறது என்பதை மட்டும் கவனித்தால், உள்ளே எது எப்போது ஓடியது என்று பிரித்தறியலாம் என்று காட்டினார். குளியலறையின் உடனடி நீர்ச்சூடேற்றி போட்டவுடன் 3,000 வாட்டுக்கு மேல் எகிறி, சில நிமிடங்களில் அதே வேகத்தில் விழும். குளிர்பெட்டி நூறு வாட் அளவில் நாள் முழுதும் ஏறி அடங்கிக்கொண்டிருக்கும். சோற்றுக் குக்கர் நன்றாக ஏறி, சோறு வெந்ததும் கீழிறங்கிச் சூடு காக்கும் அளவில் நிற்கும். ஒவ்வொரு கருவிக்கும் இப்படி ஒரு கையெழுத்து உண்டு. ஹார்ட் தம் முறையை விரிவாக வெளியிட்டது 1992இல். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1989இல், இதே முறை குடிமக்களை வேவு பார்க்கவும் பயன்படலாம் என்று அவரே எழுதி எச்சரித்திருந்தார். கண்டுபிடித்தவரே முதல் எச்சரிக்கையும் விடுவது அறிவியலில் அடிக்கடி நடப்பதில்லை. 2011 வாக்கில் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகர ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இரண்டு விநாடிக்கு ஒரு முறை மின்பயன்பாட்டை அளந்தால், தொலைக்காட்சித் திரையின் ஒளி கூடிக் குறைவதை வைத்து, அதில் ஓடும் படம் இன்னதென்றே சொல்ல முடியும் என்று காட்டினார்கள்.

நம் மீட்டர் இரண்டு விநாடிக்கு ஒரு முறை பேசுவதில்லை. அரை மணி அளவில் படத்தின் பெயர் தெரியாது. குக்கரின் கையெழுத்தும் பெரும்பாலும் கலைந்துவிடும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வீடு எப்போது விழிக்கிறது, எப்போது உறங்குகிறது, எப்போது ஆளில்லாமல் கிடக்கிறது என்பதற்கு அரை மணியே தாராளம். அதிலும் ஜொகூரில் இந்த மூன்றும் மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகப் பேசும். 1924 முதல் தரைப்பாலம் இரு கரைகளையும் இணைக்கிறது. இன்று நாள்தோறும் லட்சக்கணக்கானோர் எல்லையைக் கடக்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை செய்பவரின் வீட்டில் விடிகாலை நான்கு, நான்கரைக்கு நீர்ச்சூடேற்றி எகிறும். ஐந்தரைக்குள் மின்பயன்பாட்டுக் கோடு தரையோடு படுத்துவிடும். இரவு எட்டுக்கு மேல்தான் எழும். அந்தக் கோட்டைப் பார்த்தவருக்கு இரண்டு சேதி கிடைக்கும்: இவர் சம்பாதிப்பது சிங்கப்பூர் வெள்ளியில்; இவர் வீடு பகல் முழுதும் காலி. திருடனுக்கு இதற்கு மேல் வேறென்ன வேண்டும்? 2025 சனவரி 1 முதல் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது. அதற்கு முன், ஒரு வீடு வெள்ளிக்கிழமை தாமதமாக விழிக்கிறதா ஞாயிற்றுக்கிழமையா என்பதை வைத்தே உள்ளே இருப்பவர் மாநில அரசு ஊழியரா, பாலம் கடப்பவரா என்று ஓரளவு ஊகித்திருக்கலாம். நோன்பு மாதம் முழுதும் விடியலுக்கு வெகுமுன் சமையலறை விழித்தால் அது குடும்பத்தின் மதத்தைச் சொல்லும். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மதநம்பிக்கையைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய தகவலாக வகுத்து, அதைக் கையாள வெளிப்படையான ஒப்புதல் வேண்டும் என்கிறது. யாரும் கேட்டு வாங்காத அந்தத் தகவல், மின்பயன்பாட்டுக் கோட்டில் தானாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் மேல்நாட்டுக் கவலை என்று ஒதுக்குவோர் உண்டு. தோட்டத்து லயத்தில் வளர்ந்த சமூகத்துக்கு அந்தரங்கம் எங்கிருந்து வந்தது என்பார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ரப்பர் தோட்டத்து லயத்தில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள், இடையே மெல்லிய பலகைச் சுவர், பொதுக் குழாய், தள்ளி நிற்கும் பொதுக் கழிப்பிடம். யார் வீட்டில் என்ன சமையல், எந்தக் கணவன் மனைவிக்குச் சண்டை என்பது காலைப் பெரட்டுக்கு (ஆள்கணக்கு எடுப்புக்கு) முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அங்கே பார்த்தவர்களும் பார்க்கப்பட்டார்கள். அடுத்த வீட்டு ரகசியம் எனக்குத் தெரியும், என் ரகசியம் அவர்களுக்குத் தெரியும். இந்தச் சமநிலையே பல வாய்களைக் கட்டிவைத்தது. லயத்தில் உறுத்தியது வேறொரு கண். வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும். மின்சாரம் இருந்த பல தோட்டங்களில் அது நிர்வாகத்தின் ஜெனரேட்டரிலிருந்து மாலையில் சில மணி நேரமே வந்தது. எப்போது இருட்டு என்பதைத் தோட்டத் துரையின் பங்களா தீர்மானித்தது. அந்தக் கண் ஒருவழிக் கண். துரை தொழிலாளியின் வாழ்க்கையை அறிவார், துரையின் வாழ்க்கை தொழிலாளிக்குத் தெரியாது. 1966இலும் பிறகு 1990இலும் வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டங்கள் குழாய்க்கும் கழிப்பிடத்துக்கும் குறைந்தபட்ச அளவு வைத்தன. ஆனால் தோட்டங்கள் துண்டாகிக் குடும்பங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்தபோதுதான் சொந்தப் பெயரில் ஒரு மீட்டரும், முகவரிக்குச் சான்றாக நீட்ட ஒரு பில்லும் பலருக்குக் கிடைத்தன. தாமான் வீட்டின் கிரிலைவிட அந்த மீட்டரே பெரிய விடுதலை என்று நினைக்கிறேன். விளக்கை எப்போது அணைப்பது என்பது அன்றுதான் குடும்பத்தின் முடிவானது. ஸ்மார்ட் மீட்டர் விளக்கை அணைக்க வரவில்லைதான். ஆனால் ஒருவழிக் கண் மறுபடி வருகிறது.

அதிகாரிகள் வீட்டுக்குள் நுழைவது புதிதா என்றும் கேட்கலாம். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டம், கொசுப் புழு தேடிவரும் சுகாதார அதிகாரிக்கு வீட்டு வளாகத்துக்குள் நுழைய அதிகாரம் தருகிறது. டிங்கியால் அவதிப்படும் ஊரில் அது தேவையும்கூட. ஆனால் அவர் கேட்டருகே நின்று கூப்பிடுகிறார். பூந்தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் எட்டிப் பார்க்கிறார். அவர் எதைப் பார்க்கிறார் என்பதை நாமும் கூடவே நின்று பார்க்கிறோம். வேலை முடிந்ததும் போய்விடுகிறார். மீட்டர் அப்படிப் போவதில்லை.

மற்ற நாடுகள் இந்தக் கேள்வியை வெவ்வேறு இடத்தில் சந்தித்தன. நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 2009இல் மேலவை தடுத்தது. வீட்டு வாழ்வுக்கு ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை தரும் பாதுகாப்போடு அது பொருந்தாது என்பதே காரணம். பிறகு வந்த திருத்தத்தில், மீட்டரை வேண்டாம் எனவும், வைத்துக்கொண்டு தொலைவிலிருந்து படிப்பதை மட்டும் நிறுத்திவைக்கவும் வீட்டுக்காரருக்கு உரிமை கிடைத்தது. ஜெர்மனி 2016இல் ஆண்டுக்கு 6,000 யூனிட்டுக்கு மேல் செலவிடுவோரிடமிருந்தே கட்டாயத்தைத் தொடங்கியது. சாதாரணக் குடும்பம் அந்த அளவைத் தொடுவது அரிது. அமெரிக்காவில் இல்லினாய் மாநில நேப்பர்வில் நகரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளவெடுத்தது வழக்குக்குப் போனது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது அரசியல் சாசனம் சொல்லும் ‘சோதனை’தான் என்றது. மின்கட்டமைப்பை நவீனமாக்கும் நோக்கம் நியாயமானது என்பதால் நகரத்தை அனுமதித்தது. தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது அனுமதி அல்ல, பெயர் சூட்டியது. மலேசியக் கூட்டரசு நீதிமன்றமும் 2010இல், சிவராசா ராசையா வழக்கில், அரசியல் சாசனத்தின் ஐந்தாம் பிரிவு சொல்லும் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் தனியுரிமையும் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் அதையே அடிப்படை உரிமையாக அறிவித்தது. மின்சாரம், தண்ணீர் வழங்குவோரும் மலேசியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவுசெய்ய வேண்டியவர்களே. ஆனால் அந்தச் சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. நிறுவனம் காக்க வேண்டிய தகவல் ஒரு அரசுத் துறையின் மேசைக்குப் போய்விட்டால், அங்கே அந்தச் சட்டத்தின் கை நீளாது.

கைப்பேசிக்கு எல்லாமே தெரிகிறதே, மீட்டரைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும் என்பது அடிக்கடி கேட்கும் பதில். கைப்பேசியை அணைக்கலாம், வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம், வேறு நிறுவனத்துக்கு மாறலாம். தீபகற்ப மலேசியாவில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் மின்சாரம் தருவது ஒரே நிறுவனம். அதன் கம்பியை அறுத்துக்கொண்டு யாரும் வாழ முடியாது. தவிர்க்க முடியாத சேவைக்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்பதுதான் நியாயம்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் பொறியாளர்களுடையது. மின்திருட்டைப் பிடிக்க வேண்டும். கிரிப்டோ நாணயம் தோண்டும் கும்பல்கள் கடை வீடுகளில் மீட்டரைத் தாண்டிக் கம்பி இழுத்துப் பெரும் இழப்பை உண்டாக்கியிருக்கின்றன. சூரிய மின்சாரம் பெருகும்போது மாலைத் தேவையைச் சமாளிக்க வேண்டும். 2025 சூலை 1இல் வந்த புதிய கட்டண முறையில், ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் விரும்பினால் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறலாம்: திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை கூடுதல், மற்ற நேரமும் வார இறுதியும் குறைவு. நேரம் தெரியாமல் இதற்கு எப்படிப் பில் போடுவது என்கிறார்கள். தேவைகள் உண்மையானவை, அவற்றிலிருந்து எட்டும் முடிவுதான் தவறு. பிரிட்டனில் 1978 முதல் இரவின் ஏழு மணி நேரத்துக்கு மலிவுக் கட்டணம் உண்டு. அதற்கு வைத்த மீட்டரில் இரண்டு எண் வரிசைகள் இருந்தன: ஒன்று பகல், ஒன்று இரவு. கடிகாரம் நேரம் பார்த்து மாற்றிக்கொண்டது. வெளியே போனது இரண்டு எண்கள் மட்டுமே. மலேசிய நேரவாரிக் கட்டணமும் நேரத்தை இரண்டாக மட்டுமே பிரிக்கிறது. மீட்டரே உள்ளுக்குள் கூட்டி வைத்து மாதம் இரண்டு எண் அனுப்பினால் பில் சரியாக வந்துவிடும். ஆண்டுக்கு 24 எண்கள் போதுமான வேலைக்கு 17,520 எதற்கு? திருட்டைப் பிடிக்க, தெருவின் மின்மாற்றியில் ஒரு மீட்டர் வைத்து, அங்கிருந்து கிளம்பியதையும் வீடுகளில் கணக்கானதையும் ஒப்பிட்டால், எந்தத் தெருவில் ஓட்டை என்று தெரிந்துவிடும். அதன்பின் அங்கு மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். மாலைத் தேவையைத் திட்டமிடவும் தெருவின் கூட்டுத்தொகை போதும். நூறு வீடுகளைக் கூட்டியபின் எவர் வீட்டு நீர்ச்சூடேற்றியும் தனியாகத் தெரியாது. செலவைக் குறைக்க விரும்புகிறவர் தன் அரை மணிக் கணக்கைத் தானே செயலியில் பார்த்துக்கொள்ளட்டும். அதைக் கேட்டு வாங்கும் ஒப்புதலாக வைத்தால் போயிற்று. இதை உரிம விதியாக எழுத எரிசக்தி ஆணையத்துக்குப் புதுக் கருவி எதுவும் தேவைப்படாது.

அப்படி எழுதும்போது ஒப்புதல் யாருடையது என்ற சிக்கல் ஒன்று மிஞ்சும். ஜொகூர் பாருவிலும் பாசிர் கூடாங்கிலும் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் ஏராளம். பில் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். செயலியும் அவர் கைப்பேசியில். குடியிருப்பவர் இரவு எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை நாள் வரவேயில்லை என்பதை வேறு ஊரில் இருந்தபடியே அவர் பார்க்கலாம். வாடகைப் பேச்சின்போது இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கணக்கு உரிமையாளர் பெயரில் இருந்தாலும், அரை மணிப் பதிவைத் திறக்கும் அனுமதி சுவிட்சைப் போடுகிறவரிடம் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் மொத்தத் தொகையைத் தெரிந்துகொள்வதோடு உரிமையாளரின் தேவை தீர்ந்துவிடுகிறது.