கிட்டார் வாசிக்கும் கையை வலிக்க விடாதீர்கள்

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் சமயத்தில் என்னிடம் வரும் இளைஞர்களில் சிலர் ஒரே கதையைச் சொல்கிறார்கள். எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி ஓரிரு வருடம் ஆகியிருக்கும். பென்டடோனிக் லிக்குகளை, அதாவது ஐந்து ஸ்வரக் குறுந்துணுக்குகளை, எப்படியாவது வேகமாக வாசித்துவிட வேண்டும் என்று விடுமுறை முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி தொடங்கி மாதக்கணக்காகியிருக்கும். சட்டைப் பொத்தான் போட வரவில்லை, பைக்கில் கிளட்ச் பிடிக்க முடியவில்லை என்ற நிலை வந்த பிறகுதான் மருத்துவர் நினைவே வருகிறது. அதற்குள் தைலம், உருவல், மாத்திரை, மணிக்கட்டுப் பட்டை எல்லாம் பார்த்து முடித்திருப்பார்கள். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பலருக்குச் சில வார ஓய்வில் தீர்ந்திருக்கும். அதுதான் எனக்கு ஆற்றாமை.

வேகம் கூடும்போது கையில் நடப்பது

மைனர் பென்டடோனிக் என்பது நம் சுத்த தன்யாசியின் அதே ஐந்து ஸ்வரங்கள். கிட்டாரில் ஒரு கம்பிக்கு இரண்டு ஸ்வரம் என்று ஒரே இடத்தில் கைக்கு அடங்கிவிடும். அதனால் விரலுக்கு வழி பழகிய மறுநாளே வேகத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் கம்பிக்கு இரண்டே ஸ்வரம் என்பதால் பிக் ஓயாமல் கம்பி தாண்ட வேண்டியிருக்கிறது. மெட்ரோனோமை 160-இல் வைத்து, தட்டுக்கு நான்கு ஸ்வரம் வாசித்தால் நிமிடத்துக்கு 640 முறை பிக் அடிக்கிறது. பத்து நிமிடத்தில் 6,400. ஒரே லிக்கை மணிக்கணக்கில் சுழற்றுபவர்கள் மீதிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

முடிந்தவர்களைக் கிட்டாரோடு வரச் சொல்லி, எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன். 100-இல் மணிக்கட்டு தளர்வாக ஆடும். 140-ஐத் தாண்டியதும் மணிக்கட்டு நின்றுபோய், முழங்கையிலிருந்து மொத்தக் கையும் வெடவெடக்கும். தோள் காதை நோக்கி ஏறியிருக்கும். பிக்கை இறுக்கிப் பிடித்ததில் கட்டைவிரல் நகம் வெளுத்திருக்கும். இடது கையிலோ சுண்டுவிரல் எட்டாவது ஃப்ரெட்டுக்கு நீளும்போது மற்ற விரல்கள் விறைத்து நிற்கும். "இப்பவே வலிக்குதா?" என்றால், "எப்பவும் இப்படித்தான் டாக்டர்" என்ற பதில் வரும்.

இன்னொரு பழக்கத்தையும் அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் சத்தம் போடக் கூடாது என்று ஆம்பில் இணைக்காமலே பழகுகிறார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பி தனியாக மெல்லத்தான் ஒலிக்கும். அது காதில் விழுவதற்காகத் தேவைக்கு மேல் ஓங்கி அடித்து, அப்படியே கை பழகிவிடுகிறது. ஹெட்ஃபோன் போட்டாவது இணைத்து வாசியுங்கள். அழுத்தம் தானாகக் குறையும்.

தவறான நம்பிக்கைகள்

"வலித்தால்தான் வேகம் வரும்" என்பது முதல் பொய். புதிதாகக் கற்பவருக்கு விரல் நுனி எரிவது இயல்பு. காய்ப்புக் கண்டதும் சரியாகிவிடும். மணிக்கட்டு, முழங்கை, கட்டைவிரலின் அடிப்பகுதி வலிப்பது வேறு. அதைத் தாங்கிக்கொண்டு வாசிப்பது வீரமல்ல, காயத்தை ஆழமாக்குவது.

தடித்த கம்பியில்தான் நல்ல நாதம் என்று சிலருக்கு வைராக்கியம். கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் 13 அளவுக் கம்பி போட்டார் என்பார்கள். உண்மைதான். ஆனால் இஸட்இஸட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 7, 8 அளவுக் கம்பிகளில் வாசித்தே பெயர் வாங்கியவர். தொழிற்சாலை விபத்தில் வலது கை விரல் நுனிகளை இழந்த டோனி அயோமிக்கு, இடக்கை வாசிப்புக்காரர் என்பதால், கம்பியை அழுத்தும் கையே அதுதான். மெல்லிய கம்பிக்கு மாறித்தான் பிளாக் சப்பாத் குழுவின் கனமான இசையைத் தந்தார். 11-ல் ஒரு முழு ஸ்வரம் வளைத்து வலி வந்தால் 9-க்கு இறங்குங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

விரலுக்குப் பலம் வேண்டும் என்று ஸ்பிரிங் கருவியை அமுக்குபவர்கள் அதைத் தூரப் போட வேண்டும். ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போல் விரல் வைத்தால் எலெக்ட்ரிக் கிட்டார் கேட்கும் பலம் கொஞ்சம்தான். வேகத்துக்கு வேண்டியது அமுக்கியதை விடும் திறன். கருவியோ ஏற்கெனவே களைத்த தசையை இன்னும் அமுக்கச் சொல்கிறது.

விரல் நுனி கிழிந்தால் சூப்பர் க்ளூ ஒட்டுவதும் நடக்கிறது. கிழிந்த தோலை இரண்டு நாள் விட்டால் தானே மூடும்.

எல்லாவற்றையும்விட என் பொறுமையைச் சோதிப்பது "நரம்பு பிசகிவிட்டது" என்ற தீர்ப்பு. யாரோ சொல்ல, சுளுக்கு எடுப்பவரிடம் போய், வீங்கிய தசைநாணை எண்ணெய் விட்டு அழுத்தி உருவிக்கொண்டு வருகிறார்கள். ஏற்கெனவே உராய்ந்து வீங்கிய இடம் அது. முடிச்சு விழுந்த நூல் ஊசிக்காதில் சிக்குவது போல விரல் மடங்கிச் சிக்கும் நோயை உருவல் எப்படி அவிழ்க்கும்? அடுத்து நரம்புக்கு என்று சத்து ஊசி. வைட்டமின் பி12 குறைவே இல்லாதவருக்கு அந்த ஊசியால் மணிக்கட்டு வலி போகாது.

மருந்துக்கடை மாத்திரை

"வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்டு வாங்கி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலும் இரண்டு மணி நேரம் வாசிக்கிறார்கள். வலி என்பது நிறுத்து என்று உடல் சொல்லும் வார்த்தை. அதன் வாயை அடைத்துவிட்டு வாசித்தால் என்ன ஆகும்? டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் தொடர்ந்து போட்டால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். செட்டில் ஸ்டீராய்டும் சேர்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதை விடுங்கள். கல்லூரிக் கலைவிழாவுக்கு முதல் நாள் என்றாலும் விடுங்கள்.

வலியே இல்லாமல் வருவது

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் இரவில் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையில் அழுந்தலாம். நாளாக விட்டால் உள்ளங்கைத் தசை மெலிந்துவிடும். பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் முழுதாகத் திரும்பும் என்று உறுதி தர முடியாது.

இன்னொன்று அரிது, ஆனால் கொடியது. வலி இருக்காது, வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாகச் சுருளும் அல்லது விறைத்து நீளும். சோறு பிசைய, எழுத ஒரு தடையும் இருக்காது. பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் வெறியோடு பழகினால் முற்றும். பியானோ மேதை லியான் ஃபிளைஷருக்கு 1960களில் வலது கை விரல்கள் இப்படித்தான் சுருண்டன. இரண்டு கைகளாலும் மீண்டும் வாசிக்க அவருக்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின, அதுவும் போட்டுலினம் ஊசியின் துணையோடு.

பரிசோதனை

பெரும்பாலும் கையைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். மரத்துப்போனால் நரம்புப் பரிசோதனையும், சர்க்கரை, தைராய்டு அளவும் பார்ப்போம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

கையைச் சூடேற்றாமல் வேகத்துக்குப் போகாதீர்கள். ஐந்து நிமிடமாவது மெதுவாக வாசியுங்கள். இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிட்டாரைக் கீழே வைத்து எழுந்து நடங்கள். அந்த நேரத்தில் போனை எடுத்து அதே கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருக்காதீர்கள். ஸ்ட்ராப்பை முழங்கால்வரை இறக்கினால் பார்க்க அழகுதான்; மணிக்கட்டு ஒடித்தாற்போல் வளைகிறதே, அதைப் பாருங்கள். உட்கார்ந்து பழகும் உயரத்திலேயே நின்றும் வாசியுங்கள். மெட்ரோனோமை நான்கு நான்காகக் கூட்டுங்கள். தோள் ஏறுகிறது, நகம் வெளுக்கிறது என்றால் அன்றைய எல்லை அதுதான். பத்துக் குறைத்துத் தளர்வாக வாசித்துவிட்டு நிறுத்துங்கள். சில நாள் விட்டுவிட்டு வாசிப்பவர்கள் விட்ட வேகத்திலேயே தொடங்க வேண்டாம், 60-இல் ஆரம்பியுங்கள்.

கிட்டார் ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் "போகப் போகச் சரியாகிடும்" என்று சொல்லாதீர்கள். அன்றைக்கு அந்த லிக்கை நிறுத்திவிட்டுக் காதால் கேட்டுப் பழக வையுங்கள். அடுத்த வாரமும் வலித்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். விரல் மரத்தாலோ, மடங்கிச் சிக்கினாலோ, சொன்ன பேச்சைக் கேட்காமல் சுருண்டாலோ அந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.